கோரைப் பனி

1999 டிசம்பரில் ஒரு மாலை, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில், வைசேலியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். கில்ராய் ஊரில் 152ஆம் எண் சாலைக்குத் திரும்பிப் பச்சேகோ கணவாயில் ஏறியபோது வானம் கழுவித் துடைத்தது போல் இருந்தது. மலைச்சரிவுப் புல்லில் மாலை வெயில் படுத்துக் கிடந்தது. கணவாயைத் தாண்டி, சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிக் கிழக்கே இறங்கத் தொடங்கியதும், எதிரே பள்ளத்தாக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளத்தாக்கைக் காணவில்லை. அடிவானம் வரைக்கும் வெள்ளையாக, ஓர் அலைகூட இல்லாத கடலைப் போல ஒன்று பரந்து கிடந்தது. அதற்கும் அப்பால், வெகு தொலைவில், சியரா நெவாடா மலைத்தொடரின் முகடுகள் மட்டும் சிவந்து தெரிந்தன.

"தண்ணியாம்மா அது?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா, பனி. இப்ப நாம அதுக்குள்ளதான் போகப் போறோம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அறுபத்து மூன்று வயது வரை விவசாயம் செய்தவருக்கு, மார்கழிப் பனியைப் பற்றி மகள் சொல்லித் தெரியவேண்டியது எதுவுமில்லை. சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் இருக்கும்போதே நெற்பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிட்டு, அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் மட்டும் நம்பி ஒரு மகசூல் எடுப்பவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பனி அவருக்குப் பாசனம். ஆனால் காருக்கு எதிரே ஒரு சுவராக எழுந்து நிற்கும் பனியை அவர் அதுவரை பார்த்ததில்லை.

லாஸ் பானோஸ் ஊரை நெருங்கும்போது வெளிச்சம் சட்டென்று அணைந்தது. முதலில் மலைகள் போயின, பிறகு தந்திக் கம்பங்கள், பிறகு முன்னால் போன காரின் சிவப்பு விளக்குகள். ஹெட்லைட்டின் முழு வெளிச்சத்தைப் போட்டால் வெள்ளைச் சுவர் இன்னும் கிட்டே வரும். தாழ்த்திப் போட்டால் பத்தடிக்குத் தார் தெரியும். மணிக்கு இருபது மைல் வேகத்துக்கு இறங்கினேன். அப்பா தானாகவே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, மஃப்ளரைக் காதோடு இழுத்துக் கட்டிக்கொண்டு, தலையை வெளியே நீட்டிச் சாலையின் ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்க்கத் தொடங்கினார். "கோடு இருக்கு, அப்படியே போ. கொஞ்சம் உள்ள வா. ம், சரி." ஊரில் இரவு நேரத்தில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியை வாய்க்கால் கரையில் ஓட்டும் ஆளுக்கு முன்னால் நடந்து வழிசொல்லும் அதே குரல். அந்த ஓரக் கோட்டுக்கு இங்குள்ளவர்கள் மூடுபனிக் கோடு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சில மாதங்கள் கழித்துத்தான் நான் அறிந்தேன்.

சௌச்சில்லா அருகே 99ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறியபின் நிலைமை மோசமானது. அங்கே டிரக்குகள். பின்னாலிருந்து ஒரு டிரக் எந்த வேகத்தில் வருகிறது என்பது தெரியாததால் நிற்கவும் முடியாது. முன்னால் என்ன நிற்கிறது என்பது தெரியாததால் வேகமாகப் போகவும் முடியாது. மடேராவைத் தாண்டிய ஓர் இடத்தில் நெடுஞ்சாலைக் காவல்துறையின் கார் ஒன்று கூரைவிளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு, தன் பின்னால் ஒரு வரிசை வாகனங்களை மெதுவாக இழுத்துப் போய்க்கொண்டிருந்தது. நானும் அந்த வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டேன். தேருக்கு முன்னால் தீவட்டி போவது போல அந்த நீல, சிவப்பு வெளிச்சம் எங்களை ஃப்ரெஸ்னோ வரை கொண்டுவந்து சேர்த்தது. நான்கு மணி நேரத்தில் முடியவேண்டிய பயணம் ஏழு மணி நேரமானது. வீட்டுக்கு வந்து இறங்கியபோது அப்பாவின் வலப்பக்கப் புருவத்தில் நீர்முத்துகள் கோத்திருந்தன.

மறுநாள் காபி குடித்துக்கொண்டே இந்தப் பனிக்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டார். "டூலி பனின்னு சொல்வாங்கப்பா. டூலின்னா இங்க ஏரிக்கரையில முளைக்கிற ஒரு கோரை" என்றேன். "அப்ப கோரைப் பனின்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். தாவரவியல்படியும் அது தவறில்லை: டூலியும் நாம் பாய் முடையும் கோரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எங்கள் மாவட்டமான டுலேரியின் பெயரே டூலி மண்டிய இடம் என்ற பொருளில் வந்ததுதான். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த நன்னீர் ஏரிகளில் மிகப் பெரியது இங்கே இருந்தது. அதன் கரைகளில் வாழ்ந்த யோகட் பழங்குடியினர் டூலியால் வீடு வேய்ந்தார்கள், பாய் முடைந்தார்கள், படகும் கட்டினார்கள். ஏரியில் விழும் ஆறுகளைப் பாசனத்துக்குத் திருப்பி, ஏரியை வற்றடித்து, படுகையைப் பருத்தி வயலாக்கியது பின்னர் வந்தவர்களின் வேலை. 2023ஆம் ஆண்டு பெருமழையிலும் பனியுருகலிலும் அந்த ஏரி தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, வயல்களையும் சாலைகளையும் பல மாதங்கள் மூழ்கடித்துக் கிடந்ததைப் பார்த்தபோது, நிலம் தன் பழைய முகவரியை மறப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது.

நம் மொழியில் பனி என்ற ஒரே சொல் புல் நுனியில் நிற்கும் துளிக்கும், காற்றில் மிதக்கும் மூட்டத்துக்கும், மலையில் உறைந்து கிடப்பதற்கும் பொருந்துகிறது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்னும்போது நாம் குளிரைத்தான் சொல்கிறோம். இந்தப் பள்ளத்தாக்கின் பனி அப்படித் துளைக்கும் ரகமில்லை. அது தேங்கும். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு வடக்கே ரெட்டிங்கிலிருந்து தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு வரை ஏறத்தாழ 450 மைல் நீளமும், 40 முதல் 60 மைல் வரை அகலமும் கொண்ட ஒரு தொட்டி. கிழக்கே சியரா நெவாடாவும் மேற்கே கடலோர மலைத்தொடரும் அதன் சுவர்கள். கார்த்திகையில் முதல் மழைகள் பெய்து மண் நனைந்தபின், மேகம் விலகிக் காற்றும் அடங்கிவிட்ட நீண்ட இரவுகளில், தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது; அதை ஒட்டிய ஈரக் காற்று குளிர்ந்து துளிகளாகிறது. மலைச்சரிவுகளிலிருந்து கனத்த குளிர்காற்று வழிந்து தொட்டியின் அடியில் சேர, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடியைப் போல உட்கார்ந்துகொள்கிறது. அடுத்த புயல் வந்து மூடியைத் திறக்கும்வரை, சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேலாக, பள்ளத்தாக்கில் சூரியனே தெரியாது. அந்த நாட்களில் எங்கள் ஊர்க்காரர்கள் வெயிலைப் பார்ப்பதற்கென்றே 198ஆம் எண் சாலையில் மலைப்பக்கம் காரை ஓட்டிக்கொண்டு போவார்கள். த்ரீ ரிவர்ஸ் ஊருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் தலைக்கு மேல் நீலம் திறக்கும், குழந்தைகள் கத்துவார்கள்.

நான் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்துவிட்டு, திருமணமாகி 1996இல் இங்கே வந்தவள். மண்ணையும் பாசன நீரையும் இலையையும் சோதித்துச் சொல்லும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. இலை மாதிரி எடுப்பது கோடையில்; மண் மாதிரி எடுப்பது மரங்கள் உறங்கும் குளிர்காலத்தில். ஆகவே நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, பனி மிகுந்த காலம் முழுவதும், விடியற்காலையில் பழத்தோட்டங்களுக்கு வண்டி ஓட்டுவது என் பிழைப்பாயிற்று. டிப்டன், பிக்ஸ்லி, எர்லிமார்ட், கோர்க்கரன்: கட்டம் போட்ட நோட்டைப் போல மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை வெட்டிக்கொண்டு போகும் ஊர்ப்புறம் அது. பல சந்திப்புகளில் ஒரு திசைக்கு மட்டும்தான் நிறுத்தப் பலகை இருக்கும். மறு திசையில் வருபவருக்கு நிற்கவேண்டிய கட்டாயமில்லை.

முதல் குளிர்காலத்தில் எனக்குப் பழக்கிவிட்டவர் எங்கள் கூடத்தில் முப்பது வருடம் மாதிரி எடுத்த ஒரு முதியவர். சந்திப்பில் நின்றதும் ரேடியோவை நிறுத்து, ஹீட்டரின் விசிறியையும் நிறுத்து, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேள் என்பது அவருடைய பாடம். கண்ணால் கடக்க முடியாத சாலையைக் காதால் கடக்க வேண்டும். பனி ஓசையை விழுங்கிவிடும் என்று நினைப்பவர்கள் அதற்குள் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். காற்றே இல்லாத அந்த ஈரத்தில், தார்ச்சாலையில் டயர் உரசும் ஒலி வெகு தூரத்திலிருந்து வரும். 2001 ஜனவரியில் டிப்டனுக்கு மேற்கே ஒரு சந்திப்பில் நான் அப்படித்தான் நின்றேன். எதுவும் கேட்கவில்லை. காலை பிரேக்கிலிருந்து எடுத்த கணத்தில், அடிவயிற்றில் ஒரு அதிர்வு முதலில் வந்தது, மறுபடி மிதித்துவிட்டேன். என் வண்டியின் மூக்குக்கு ஐந்தடி முன்னால் பால் டேங்கர் ஒன்று, அதன் பின்னால் இணைத்திருந்த இரண்டாவது தொட்டியோடு, நீளமாக, முடிவேயில்லாததுபோல் கடந்து சென்றது. அதன் காற்றில் கலைந்த பனி மீண்டும் மெல்லச் சேர்ந்துகொள்வதை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நின்று, சாலையைக் கடக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

இன்னொரு துணை கீழேயிருந்து வரும். கலிஃபோர்னியச் சாலைத்துறையில் பணிபுரிந்த எல்பர்ட் பாட்ஸ் என்ற வேதியியலாளரின் பெயரால் வழங்கும் வெள்ளைப் பீங்கான் வில்லைகள் 1966 முதல் இங்குள்ள நெடுஞ்சாலைகளில் தடங்களுக்கு நடுவே பதிக்கப்பட்டன. தடம் மாறினால் டயர் அவற்றின் மேல் ஏறித் தடதடவென்று அடிக்கும். கண் தெரியாதவர் கைக்கோலால் படியைத் தட்டி அறிவது போல, நான் பல இரவுகளில் அந்தத் தடதடப்பை வைத்தே வீடு வந்திருக்கிறேன். 2017இல் சாலைத்துறை அவற்றைப் புதிதாகப் பதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. தேய்ந்தும் பெயர்ந்தும் போன வில்லைகளின் இடத்தில் பளிச்சென்ற அகலக் கோடுகள் வந்துவிட்டன. பகலில் அவை நன்றாகத் தெரிகின்றன.

பள்ளிகளுக்கும் பனிக்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. பேருந்துகள் இரண்டு மணி நேரம் தாமதம், அது போதாவிட்டால் மூன்று மணி நேரம், அதற்கும் விலகாவிட்டால் காலைப் பேருந்தே இல்லை என்று படிப்படியாக அறிவிப்பார்கள். என் மகள் விடியற்காலையில் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளில் தன் பள்ளியின் பெயர் வருகிறதா என்று போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பனி என்றால் விடுமுறை. எனக்கு அது அவளுடைய மூச்சிரைப்பு. ஆஸ்துமா இருந்த குழந்தை அவள். மூடி திறக்காத வாரங்களில் பனியோடு பனியாக இந்தப் பள்ளத்தாக்கின் அடுப்புப் புகையும் டீசல் புகையும் சேர்ந்தே தேங்கும். இன்ஹேலரைக் கைப்பையில் எடுத்துவைக்காமல் நான் வீட்டைவிட்டுக் கிளம்பிய குளிர்கால நாள் ஒன்றுகூட அப்போது கிடையாது.

பனி குறைந்துகொண்டிருந்ததை நான் உடனே உணரவில்லை. இல்லாத ஒன்றைக் கவனிப்பது கடினம். ஒரு குளிர்காலம் எளிதாகக் கழிந்தால் நல்லவேளை என்று நினைப்போம். அடுத்ததும் அப்படியே கழிந்தால் சாலை ஓட்டம் பழகிவிட்டது என்று நினைப்போம். எனக்கு அதைச் சொல்லிக்காட்டியவரும் அப்பாதான். 2014 ஜனவரியில் அவர் மீண்டும் வந்திருந்தார். பெரும் வறட்சி தொடங்கியிருந்த காலம். டிசம்பரில் மழையே இல்லை, மண் சாம்பலைப்போல் காய்ந்திருந்தது, நாள்தோறும் வெயில். எழுபத்தெட்டு வயதில், ஊரிலிருந்தே அதே மஃப்ளரைக் கொண்டுவந்திருந்தவர், தினமும் காலையில் எழுந்து சன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். இரண்டு வாரம் கழித்து, "எங்கேம்மா உன் கோரைப் பனி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "இந்த வருஷம் மழை இல்லப்பா, அதான்" என்றேன். அது பாதிப் பதில்தான்.

அதே ஆண்டு, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பால்டோக்கியும் எரிக் வாலரும் 32 குளிர்காலங்களின் செயற்கைக்கோள் பதிவுகளை அலசி, மத்தியப் பள்ளத்தாக்கின் பனி நாட்கள் 46 சதவீதம் குறைந்துவிட்டன என்று வெளியிட்டார்கள். பால்டோக்கி கலிஃபோர்னிய வாதுமை விவசாயி ஒருவரின் மகன். பனியை ஆராய்வதோடு அது மரத்துக்கு என்ன செய்கிறது என்பதையும் அவர் எழுதியது அதனால்தான் என்று நினைக்கிறேன். எங்கள் கூடத்தில் அந்த ஆய்வறிக்கை கைக்குக் கை மாறியது. தோட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதில் விடை இருந்தது.

பிஸ்தா, வாதுமை, செர்ரி, பீச், ஆப்ரிகாட் ஆகிய மரங்கள் எல்லாம் குளிர்காலத்தில் உறங்கியாக வேண்டும். சுமார் 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு நிறைந்தால்தான் மொட்டுகள் ஒரே சமயத்தில் கண் திறக்கும். தெளிந்த வானத்துப் பகலில் வெயில் நேரே படும் மொட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகச் சூடேறும். வெப்பமானி குளிர் என்று காட்டும்போதே மொட்டுக்குக் குளிர் கிடைக்காமல் போகும். பனி இருந்தால் பகலும் இரவும் ஒரே குளிர். மொட்டுக்கு அது போர்வையும் தொட்டிலும். 1950களிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் குளிர்ச்சி நேரம் பல நூறு மணி குறைந்திருக்கிறது.

பிஸ்தாவில் இது நேராகவே தெரியும், ஏனெனில் அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகும். இருவகை மரங்களும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால் காய் பிடிக்கும், ஓடும் வளரும், உள்ளே பருப்பு இருக்காது. 2015இல் கலிஃபோர்னியாவின் பிஸ்தா மகசூல், முந்தைய ஆண்டு கிடைத்ததில் பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சரிந்தது. தண்ணீர்ப் பற்றாக்குறையோடு, குளிராமல் கழிந்த குளிர்காலமும் அதற்குக் காரணம். செப்டம்பரில் நான் ஒரு தோட்டத்தில் காய்களைக் கையில் அள்ளி நசுக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடர்ந்து வெறும் ஓடுகள். தோட்டக்காரர் பேசாமல் நின்றார். பதரைத் தூற்றிக் களத்தில் நின்ற அப்பாவை ஒரு வருடம் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். சில தோட்டங்களில் இப்போது குளிர்காலத்தில் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து மரங்களின் மேல் தெளிக்கிறார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பி மொட்டைக் குளிர்விக்க வேண்டும் என்பது எண்ணம். ஜனவரி வெயிலில், வரிசை வரிசையாக, சுண்ணாம்பு பூசியது போல் நிற்கும் இலையற்ற மரங்களின் இடையே நடந்தால் உடையெல்லாம் வெள்ளையாகும்.

பனி இல்லாமல் போவதற்குப் பூமி சூடாவது ஒரு காரணம் என்பது எனக்குப் புரிந்தது. வாய்க்கால் பாசனம் சொட்டுநீராக மாறி வயல்கள் பழைய அளவுக்கு நனையாமல் போனதும், நகரங்கள் பெருகித் தம்மைச் சுற்றிய காற்றைச் சூடாக்கியதும் துணைக் காரணங்களாக இருக்கலாம். ஆனால் 2019இல் வந்த இன்னோர் ஆய்வை என்னால் அவ்வளவு எளிதில் விழுங்க முடியவில்லை. எல்லின் கிரே, பால்டோக்கி, ஆலன் கோல்ட்ஸ்டீன் முதலியோர் எழுதியது அது. வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளில் 1930 முதல் 1970 வரை பனி 85 சதவீதம் கூடியிருந்தது. பின்னர், கடைசி 36 குளிர்காலங்களில் 76 சதவீதம் குறைந்திருந்தது. வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கு ஆண்டு வரும் ஏற்ற இறக்கத்தை விளக்கின. நெடுங்காலப் போக்கை விளக்கியதோ காற்றின் மாசு.

நான் வேதியியல் தெரிந்தவள்; அதைப் படித்ததும் முழுதும் கண்முன் வந்துவிட்டது. நீராவி வெறும் காற்றில் துளியாவதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். எங்கள் டுலேரி மாவட்டம் அமெரிக்காவிலேயே அதிகமாகப் பால் தரும் மாவட்டங்களில் முதன்மையானது; லட்சக்கணக்கான மாடுகளின் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அம்மோனியா எழுகிறது. 99ஆம் எண் சாலையில் ஓடும் டிரக்குகளிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் எழுகின்றன. இரண்டும் குளிரில் சந்தித்தால் அம்மோனியம் நைட்ரேட். அது வயலுக்குப் போடும் உரம். அந்த உப்புத் துகளின் மேல்தான் எங்கள் பனி உட்கார்ந்திருந்தது. துகள் மிகுந்தால் துளிகள் சிறிதாகி, எண்ணிக்கையில் பெருகி, தரையில் விழாமல் வெகுநேரம் மிதந்து, சுவராக நிற்கும். தூய காற்றுச் சட்டம் வந்து, வாகனப் புகை குறைந்து, 2003 முதல் மூடி இறுகிய குளிர்கால நாட்களில் வீடுகளில் விறகெரிக்கத் தடை போடப்பட்டு, காற்று சுத்தமாகச் சுத்தமாகப் பனிக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. வடக்கே மாசு குறைந்த சாக்ரமெண்டோ பக்கத்தைவிடத் தெற்கே எங்கள் பக்கத்தில் பனி எப்போதும் கூடுதலாக இருந்ததும் அதனால்தான்.

ஆக, என் முதிய சகஊழியர் "அந்தக் காலத்துப் பனி" என்று கண் விரிய வருணித்ததும், அப்பாவின் புருவத்தில் முத்தாகக் கோத்ததும் இந்த நிலம் தொன்றுதொட்டுத் தந்துவந்த பனி அல்ல. ஏரியும் கோரையும் இருந்த காலத்துப் பனியோடு இருபதாம் நூற்றாண்டின் புகை சேர்ந்து பருத்த ஒன்று. நான் நேசித்ததிலும் ஒரு பங்கு என் மகளின் நெஞ்சை அடைத்த அதே உப்பு. இதைத் தெரிந்துகொண்ட பின்னும் அந்த நேசம் எனக்குக் குறையவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதே சமயம், பனி பழையபடி வரட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் வாய் வருவதில்லை. 2007 நவம்பர் 3ஆம் தேதி காலை ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே 99ஆம் எண் சாலையில் நூறுக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதின. இரண்டு பேர் இறந்தார்கள். நான் அன்றைக்குப் பகல் பதினொரு மணிக்குப் புறப்படுவதாக இருந்தேன். கணவர் மருத்துவமனை இரவுப் பணி முடிந்து அதே சாலையில்தான் திரும்ப வேண்டும். அவர் தொலைபேசியை எடுக்கும் வரை கழிந்த நாற்பது நிமிடங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அதன்பின் அந்தப் பகுதியில் பனியை உணரும் கருவிகளையும் எச்சரிக்கும் மின்பலகைகளையும் அமைத்தார்கள். இப்போது பெரும்பாலான குளிர்கால நாட்களில் அவை கறுப்பாகவே நிற்கின்றன. மகளுக்கு இன்ஹேலர் தேவைப்பட்டுப் பல வருடங்களாகின்றன.

சுத்தமாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. நுண்துகள் மாசில் இந்தப் பள்ளத்தாக்கு இன்றும் அமெரிக்காவின் மிக மோசமான இடங்களில் ஒன்று. இதற்கு நேரெதிராகக் கங்கைச் சமவெளியில் குளிர்காலப் பனி கூடியதையும், டெல்லியில் விமானங்கள் காத்துக் கிடப்பதையும் செய்திகளில் பார்க்கும்போது, அங்கே ஒரு தாய் எந்தக் கைப்பையில் எந்த மருந்தை எடுத்துவைக்கிறாளோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். பனியின் அழகைப் பற்றி அங்கிருந்து யாராவது எழுதினால் அதையும் படிப்பேன்.

அப்பா 2016இல் காலமானார். அவருடைய முதல் வருகையின்போது, விடுமுறையில்லாத ஒரு நாள், வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் என்னோடு பிக்ஸ்லி பக்கம் மாதிரி எடுக்க வந்தார். ஒரு சந்திப்பில் நான் கண்ணாடியை இறக்கிக் காதுகொடுத்தபோது அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி எதுவும் வரவில்லை. ஆனால் தலைக்கு மேலே, பனிக்குள், மரச்சக்கரம் உருள்வது போன்ற கரகரப்பான கூப்பாடு ஒன்று போயிற்று, அதற்குப் பதில் சொல்வது போல இன்னொன்று. பிக்ஸ்லி சரணாலயத்தில் குளிர்காலம் தங்கும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் அவை. "எத்தன இருக்கும்?" என்று அவர் கிசுகிசுத்தார். ஒன்றையும் பார்க்க முடியவில்லை.

கடந்த ஜனவரியில், மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், டிப்டனைத் தாண்டியதும் பனி வந்தது. பழைய சுவர் இல்லை. நூறடி தெரிகிற பனி. சந்திப்பில் நின்று, ரேடியோவை நிறுத்தி, விசிறியை நிறுத்தி, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கினேன். ஈரமண்ணும் மாட்டுப் பண்ணையும் கலந்த வாடை உள்ளே வந்தது. சற்று நேரத்தில் மேலே கொக்குகள் கூப்பிட்டன. பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அதன் ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். சாலை காலியாக இருக்கிறது என்று உறுதியானதும் கடந்தேன். ஒன்பதரை மணிக்கு நான் தோட்டத்தில் மண் துளைக்கும் குழாயை இறக்கியபோது வெயில் வந்துவிட்டிருந்தது.